36-ஆம் பல்லில் ஒரு சிவப்புக் கோடு

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்கு அடியில் வழக்கமான குளம். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே கிளினிக் வந்தேன். முதல் பேஷண்ட் எனக்கு முன்னாலேயே வந்து மஞ்சுளாவோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். மஞ்சுளா என் உதவியாளர். ஆனால் பத்து வருஷமாக அவள்தான் இங்கே டாக்டர், நான் உதவியாளர்.

செய்ய வேண்டியவை:
- கையுறை, சிறிய சைஸ், இரண்டு பெட்டி
- சனிக்கிழமை மகள் ஜெனியின் நிச்சயத்துக்கு பிளவுஸ். டெய்லரைத் திட்ட வேண்டும்
- சபை ஹாலில் நாற்காலி எத்தனை என்று கேட்க
- ஏ.ஐ. கம்பெனிக்காரர், 11 மணி

11 மணிக்காரர் 12.20-க்கு வந்தார். பெயர் கார்த்திக். பல் எக்ஸ்ரேயைப் பார்த்து அதுவே சொல்லிவிடுமாம். பதினைந்து நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம். எக்ஸ்ரே எடுத்த நாலு விநாடியில் படத்தில் வண்ணம் பூசிவிடுகிறது. நீலம் என்றால் பழைய வேலை. மஞ்சள் என்றால் சந்தேகம். சிவப்பு என்றால் கோளாறு. ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் இரண்டு பட்டன்: அக்செப்ட், ரிஜெக்ட். கடைசி முடிவு டாக்டருடையதுதான் என்றார். பெரிய மனசு.

சேருக்கு எதிர்ச் சுவரில் பெரிய டிவி ஒன்றும் மாட்டிவிட்டுப் போனார். பேஷண்ட் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வருமாம். இருபத்தாறு வருஷமாக என்னை நம்புகிறார்களே என்றேன். சிரித்தார். தன் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பது போல.

சோதனைக்கு மஞ்சுளா உட்கார்ந்தாள். இரண்டு சிவப்பு. தினம் பத்து பேருக்கு எப்படிப் பல் தேய்ப்பது என்று பாடம் எடுப்பவள். "சும்னே சொல்லுது மேடம் அது" என்றாள், சும்மா உளறுகிறது என்பதைக் கன்னடமும் தமிழும் கலந்து, மிஷினை முறைத்தபடி.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் தேவா உடனே, "அப்ப என் பல்லையும் அதுகிட்ட காட்டு" என்றார். மேல் இடது கடைவாய். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்தான் ரூட் கெனால் செய்தேன். அன்றிலிருந்து கடித்தால் சுருக் என்கிறதாம். நரம்பை எடுத்த பல் எப்படிங்க வலிக்கும், பிரமை என்று எப்போதும் சொல்வதைச் சொன்னேன். அவரும் எப்போதும் போல மட்டன் துண்டை வலது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

ஜூன் 10, செவ்வாய்

கொஞ்சம் வெயில். துணி காய்ந்தது.

மிஷினின் புகழ் சபை முழுக்கப் பரவிவிட்டது. பெண்கள் ஐக்கியத்தில் பாதிப் பேர் இன்று வரிசையில். வண்ணப் படத்தை போனில் வாங்கிக்கொண்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எனக்கு மூணு சிவப்பு, உனக்கு? ஒரு அம்மாவுக்கு ஒரே ஒரு மஞ்சள். முகம் விழுந்துவிட்டது. இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கச் சொன்னார்.

மதியம் மிஷின் ஒரு தப்பு செய்தது. கீழ்த்தாடை எலும்பில் நரம்பு வெளியே வர இயற்கையாக ஒரு துவாரம் உண்டு, எல்லோருக்கும். அதைச் சீழ் என்று சிவப்பில் வட்டம் போட்டது. ரிஜெக்ட் அழுத்தினேன். காரணம் எழுதினேன். "உங்கள் திருத்தத்துக்கு நன்றி, டாக்டர்" என்று வந்தது. வீட்டில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. நாள் பூராவும் சந்தோஷம்.

சாயங்காலம் ராஜகுமாரி அக்கா போன். கீழ் இடது பக்கம் தெறிக்கிறதாம், இரண்டு நாளாகத் தூக்கமில்லையாம். நாளை காலை வரச் சொன்னேன். சனிக்கிழமை அவர் மகன் ரூபனுக்கும் எங்கள் ஜெனிக்கும் நிச்சயம். சம்பந்தியம்மா வீங்கின கன்னத்தோடு போட்டோவில் நின்றால் நன்றாகவா இருக்கும்?

தவிர, என் கிளினிக்கில் பாதிக் கூட்டம் அவரால் வந்தது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் கீழ் இடது முதல் கடைவாய்ப்பல்லுக்கு, எங்கள் எண்ணில் 36-க்கு, ரூட் கெனால் செய்தேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் யாருக்குப் பல் வலித்தாலும் தன் கன்னத்தைத் தட்டிக் காட்டுவார். டாக்டர் எஸ்தர் கை பட்ட பல், கல்லு மாதிரி நிக்குது என்பார். ரிடையரான கணக்கு டீச்சர். அவர் சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

ஜூன் 11, புதன்

மழை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

9.40. ராஜகுமாரி அக்கா சேரில். வலிப்பது 37, அந்தப் பழைய பல்லுக்கு அடுத்தது. ஆழமான சொத்தை, ரூட் கெனால்தான். எக்ஸ்ரே எடுத்தேன். பக்கத்துப் பல் என்பதால் 36-ம் படத்தில் விழுந்தது. நாலு விநாடி. டிவியில் 37 சிவப்பு, எதிர்பார்த்ததுதான். 36 முழுக்க நீலம். அந்த நீலத்துக்குள், முன்பக்க வேரின் அடியில், சின்னதாக ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில்: உடைந்த கருவி. நம்பகம்: மிக அதிகம்.

எனக்குத் தெரியும். பதினாலு வருஷமாகத் தெரியும்.

நரம்பை எடுக்க வேருக்குள் விடும் மெல்லிய ஊசி, ஃபைல். அந்த வேர் வளைந்த வேர். விரலுக்குள் ஒரு சின்ன 'டிக்'. வெளியே வந்த ஊசியில் முனை இல்லை. மூன்று மில்லிமீட்டர் உள்ளேயே நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் போராடியும் வரவில்லை. மேலே அடைத்து மூடினேன். இது எந்த டாக்டருக்கும் நடப்பது. ஆனால் அன்றே பேஷண்டிடம் சொல்ல வேண்டும், அதுதான் முறை. அடுத்த சிட்டிங்கில் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த சிட்டிங்குக்கு அக்கா பிளம் கேக்கோடு வந்தார். வலியே இல்லை டாக்டர் என்றார். கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அப்புறம் ஒரு வருஷம். அப்புறம் நாலு. அப்புறம் ஊர் முழுக்கப் புகழ்.

"டிவியில சிவப்பா கோடு ஒண்ணு வருதே, அது என்ன சம்பந்தி?" என்றார். கிளினிக்கில் டாக்டர், வெளியே சம்பந்தி என்று எங்களுக்குள் ஒப்பந்தம். வலியில் மறந்துவிட்டார்.

புது மிஷின் அக்கா, இன்னும் பழகல என்றேன். ரிஜெக்ட். காரணம் கேட்டது. இருந்த பட்டியலில் 'படக் குறை' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். "உங்கள் திருத்தத்துக்கு நன்றி, டாக்டர்."

அதோடு விடவில்லை. ரூட் கெனாலில் வேர் எவ்வளவு நீளம் என்று பார்க்க நடுவில் மறுபடி எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். 36 படத்தில் விழக் கூடாதென்று வாய்க்குள் வைத்த சென்சாரைப் பின்னால் பின்னால் தள்ளினேன். அக்காவுக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. அத்தனை பாடுபட்டும் 36-ல் பாதி விழுந்தது. விழுந்தது சரியாக அந்தப் பாதி. சிவப்பு. ரிஜெக்ட். படம் தெளிவாக இல்லையென்று இன்னொன்று. சிவப்பு. ரிஜெக்ட். மூன்றாவது தடவை மஞ்சுளா தானாகவே போய் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

மருந்து வைத்து மூடி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை முடிக்க வேண்டும்.

அப்புறம் பீரோவிலிருந்து அக்காவின் பழைய கார்டைத் தேடி எடுத்தேன். எல்லாம் பேனாவில், ஒரு வரி மட்டும் பென்சிலில்: "முன் வேர், ஃபைல் முனை 3 மி.மீ. உள்ளே. சொல்ல வேண்டும்." 'சொல்ல வேண்டும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். கெட்டிக்காரி.

ஜூன் 12, வியாழன்

மேகமூட்டம். டெய்லர் பிளவுஸ் கொடுத்தாள். கை இறுக்கம்.

காலை கார்த்திக் போன். குரலில் அவ்வளவு குஷி.

"மேடம், ஒரே ஃபைண்டிங்கை மூணு தடவ ரிஜெக்ட் பண்ணியிருக்கீங்க. எங்க டீமே உங்களைப் பத்திதான் பேசுது. உங்க மாதிரி சீனியர் சொன்னா அதுக்கு வெயிட்டே தனி. நாளைக்கு சாயங்காலம் ட்ரெயினிங்ல சேர்த்துடறோம். இனிமே இந்த மாதிரி கோட்டைப் பார்த்தா அது வாயைத் திறக்காது."

எங்கள் கிளினிக்கிலா என்று கேட்டேன்.

"எல்லா கிளினிக்கிலயும் மேடம். உங்க புண்ணியம்."

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. இது கத்துக்கும் என்று திங்கள்கிழமையே சொன்னார்தான். நான் டிவியின் சைஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பொய் இத்தனை நாள் என் பீரோவுக்குள் ஒரு பென்சில் வரியாகக் கிடந்தது. இனி ஹாசனில் ஒரு கிளினிக், ஹூப்ளியில் ஒரு கிளினிக், எவரோ ஒருவர் பல்லுக்குள் ஊசியோடு உட்கார்ந்திருப்பார், மிஷின் பார்த்துவிட்டும் பேசாமல் இருக்கும். நான் சொல்லிக்கொடுத்தேன் என்பதற்காக. கார்த்திக் மேல் கோபம். மிஷின் மேல் கோபம். அடுத்த பல்லில் சொத்தையை வரவைத்துக்கொண்ட அக்கா மேல் கூடக் கோபம். கடைசியில் கோபப்பட என்னைத் தவிர ஆள் இல்லை.

மாற்ற முடியுமா என்று திரும்ப போன் செய்து கேட்டேன். முடியுமாம். ஆனால் அக்செப்ட் போட்டால் ரிப்போர்ட் தானாகப் பேஷண்டின் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுமாம். இது நல்ல வசதி மேடம் என்றார். நல்ல வசதிதான்.

தேவாவிடம் சொன்னேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துப் பட்டாணி தரையெல்லாம். பிறகு சிரிப்பை நிறுத்தி, சனிக்கிழமை நிச்சயம் முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை சொல்லேன் என்றார். நல்ல யோசனையாகத்தான் பட்டது, அரை நிமிஷம். ஆனால் மிஷினுக்கு நாளை சாயங்காலம் பாடம். அதுவும் தவிர, மோதிரம் மாற்றிக்கொண்ட பிறகு சொன்னால் அது இன்னொரு பொய்.

"என் பல்லுல எத்தனை ஊசி விட்டிருக்கே?" என்று கேட்டார். பிரமை என்றேன்.

எப்படிச் சொல்வது:
1. "அக்கா, ஒரு சின்ன விஷயம்." சின்னதா?
2. கடிதம். கணக்கு டீச்சர், சிவப்பு மையில் திருத்தி அனுப்புவார்.
3. மஞ்சுளாவைச் சொல்லச் சொல்வது. கேட்டுப் பார்த்தேன். பேடா மேடம், வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

மழையுமில்லை வெயிலுமில்லை.

ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுவதென்று ஜெபம் செய்துவிட்டுப் போனேன். அக்கா வந்தார். நாளைக்கு உடுத்தப்போகும் பச்சைப் பட்டை போனில் காட்டினார். நாற்காலி போதுமா என்றார். வலி போயிடுச்சு, உங்க கை கைதான் டாக்டர் என்று கன்னத்தைத் தட்டிக் காட்டினார். அந்தக் கன்னத்தையே. ஊசி போட்டேன். உதடு மரத்தது. பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டினேன். இனி முக்கால் மணி நேரத்துக்கு அவரால் ஒரு வார்த்தை பேச முடியாது.

அப்போது எனக்கு வாய் திறந்தது. வெட்கக்கேடு, ஆனால் எழுதத்தான் வேண்டும். பதில் பேச முடியாத மனுஷியின் தலைக்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி உடைந்தது, பிளம் கேக், பென்சில், புதன்கிழமை மூன்று ரிஜெக்ட், எல்லாம். மஞ்சுளா எச்சில் உறிஞ்சும் குழாயை நிறுத்திவிட்டாள். எதிரே டிவியில் புதன்கிழமைப் படம், அந்தக் கோடு. இந்த முறை யாரும் மறைக்கவில்லை.

ஆரம்பிக்கும் முன் எல்லோரிடமும் சொல்வது ஒன்று உண்டு: வலித்தால் இடது கையைத் தூக்குங்கள். அக்கா இடது கையைத் தூக்கினார்.

வலிக்குதா அக்கா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். கையை இறக்கவில்லை.

பாதியில் விட முடியாது. மிச்ச வேலையை முடிக்க நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷமும் கை மேலேயே. கை வலித்தபோது வலது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். இறக்கவில்லை.

ஷீட்டைக் கழற்றினேன். வாய் கொப்பளித்தார். மரத்த பக்கம் தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"நான் கணக்கு டீச்சர். விடை தப்பாப் போனா பாதி மார்க் குடுப்பேன். ஸ்டெப்பை மறைச்சா முட்டைதான்."

மரத்த உதட்டில் 'ஷ்டெப்' என்று வந்தது. யாரும் சிரிக்கவில்லை. வண்ணப் படம் ஒன்று பிரிண்ட் கேட்டார். கொடுத்தேன். மடிக்காமல் பைக்குள் வைத்தார். வாசல் படி இறங்கி, தெருவில் நின்று, "வரேன் டாக்டர்" என்றார்.

வெளியே சம்பந்தி என்றுதானே ஒப்பந்தம்.

4.10. மூன்று ரிஜெக்டையும் அக்செப்ட் ஆக்கினேன். மிஷின் சொன்னது சரி, தப்பு என்னுடையது என்று கார்த்திக்குக்கு எழுதினேன். 'நோ இஷ்யூஸ் மேம்' என்று கட்டைவிரல் ஒன்று வந்தது. அவருக்கு அவ்வளவுதான். ரிப்போர்ட் அக்காவுக்குப் போனது. இரண்டு நீல டிக்.

ஜெனியிடம் சொல்ல உட்கார்ந்தேன். அவளுக்கு முன்பே தெரியும். "ரூபன் போன் பண்ணான்மா. ஆன்ட்டி சமைக்கவே இல்லையாம். அந்தப் படத்தை வச்சுகிட்டு சும்மா உக்காந்திருக்காங்களாம்." பிளவுஸை அயர்ன் செய்யப் போய்விட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. என் மூன்று மில்லிமீட்டருக்கு என் பெண் ஏன் அழ வேண்டும்?

தேவா கை விஷயத்தைக் கேட்டார். எப்படித் தூக்கினாங்க என்று செய்து காட்டச் சொன்னார். காட்டினேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஜூன் 14, சனி

காலையிலேயே மழை. ஹாலில் செருப்பு, குடை, சேறு. நிச்சயம் 10.30. மணி 10.35, அக்காவைக் காணோம். போதகர் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். தேவா மூன்று முறை சமையல்காரரைப் பார்த்துவிட்டு வந்தார். ஜெனி என்னைப் பார்க்கவே இல்லை.

10.50-க்கு வந்தார்கள். பச்சைப் பட்டு. ஹெண்ணூர் சாலையில் லாரி ஒன்று நின்றுவிட்டதாம். ஜெபம், வசனம், மோதிரம். எல்லாம் நடந்தது. அக்கா என் பக்கம் திரும்பவில்லை. போட்டோவில் எங்களுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்.

பிரியாணி பந்தியில் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கூடவே அவர் தம்பி, தம்பி மனைவி, இன்னும் இரண்டு பேர். போனை எடுத்தார். அந்தப் படம்.

"இந்த நீலம் பார், எங்க சம்பந்தி செஞ்ச வேலை. பதினாலு வருஷம். இந்தச் சிவப்பும் எங்க சம்பந்திதான்."

தம்பி பெரிதாக்கிப் பார்த்தார். ஏர்போர்ட்டில் மிஷின் கத்துமா என்று கேட்டார். கத்தாது என்றேன். எனக்கே கேட்காத குரலில். அவர்கள் தயிர் பச்சடி வாங்கத் திரும்பியபோது அக்கா என் காதருகே குனிந்தார்.

"ஒரு கணக்கு தப்புன்னா நோட்டு முழுக்கத் திருத்தணும். பழைய நோட்டெல்லாம் எடுங்க சம்பந்தி."

எடுக்கறேன் என்றேன். நேற்று முடித்த பல்லுக்கு இன்னும் கேப் போடவில்லை, இடது பக்கம் கடிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே இடது பக்கம் கடித்தார். நான் அழுதேன். வெங்காயம் என்று சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து தேவாவும் நானும் கிளினிக்கைத் திறந்தோம். கார்டுகள் நாலு பெட்டி. பென்சில் வரி எங்கே இருக்கிறதென்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். தூசியில் இருவருக்கும் தும்மல்.

அகப்பட்டது இரண்டு. ஒருவர் காலமாகிவிட்டார், என் ஊசியோடு. இன்னொருவர் ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறார், கார்ப்பரேஷனில் வேலை பார்த்து ரிடையரானவர். போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளே இருக்கறது என்ன பண்ணுதும்மா பாவம், மேட்ச் முடியட்டும், புதன்கிழமை வரேன் என்றார்.

தேவா பெட்டியை மூடவில்லை. மறுபடி முதலிலிருந்து தேடினார். என்ன தேடறீங்க என்றேன்.

"எனக்கு கார்டே இல்லையா?"

வீட்டு ஆளுக்கு எதுக்குங்க கார்டு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு என் காதுக்கே அது நன்றாக இல்லை. அவர் பெட்டிகளை அடுக்கினார்.

ஜூன் 16, திங்கள்

நல்ல வெயில். ஒரு வாரத்துக்குப் பிறகு வானம் நீலம்.

முதல் பேஷண்ட் தேவா. புதுக் கார்டு எழுதினேன். பெயர், வயது, உபாதை: மேல் இடது கடைவாய், கடித்தால் சுருக், 22 வருஷம். பேனாவில்.

எக்ஸ்ரே. நாலு விநாடி. பல் நீலம். வேர் நுனியில் சிவப்பு வட்டம், சுண்டைக்காய் அளவு. பக்கத்தில் மஞ்சளில் புள்ளிக்கோடு: சிகிச்சை செய்யப்படாத கெனால் இருக்கலாம். மேல் கடைவாய்ப்பல்லில் நாலாவதாக ஒரு மெல்லிய கெனால், நரம்புக் குழாய், ஒளிந்திருக்கும். தேடினால்தான் கிடைக்கும். அன்றைக்கு மூன்று போதுமென்று முடித்திருக்கிறேன். வீட்டு ஆள்தானே.

மஞ்சுளா எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றாள். பழக்கம். வேண்டாம், நகரு என்றேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்து வசவும் சேர்ந்து வரப்போகிறது என்று காத்திருந்தேன். அவர் நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தார்.

அக்செப்ட் அழுத்தினேன். அவர் சட்டைப்பையில் போன் டிங் என்றது.

ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு, பிரமை இல்லைங்க என்றேன். வாயைத் திறங்க என்றேன்.

வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே இடது கையைத் தூக்கினார்.